தாத்தா கூலி, அப்பா டெக்னீஷியன், நான் இன்ஜினியர்… மகன்?

(வாசகர் கேள்வி–பதில். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வேலை, சம்பளம், பிள்ளைகளின் எதிர்காலம் பற்றித்தான். சமையல் குறிப்பு கேட்டவர்களும் கிரிக்கெட் கேட்டவர்களும் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.)

கேள்வி: என் தாத்தா சிங்கப்பூர் செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில் கூலி வேலை பார்த்தார். அப்பா கப்பல் பட்டறையில் டெக்னீஷியன். நான் இன்ஜினியர். மகன் பல்கலைக்கழகம் முடித்துவிட்டு இன்னும் ஒப்பந்த வேலையில்தான் இருக்கிறான். எங்கள் அளவுக்கு இந்தக் காலத்துப் பிள்ளைகள் உழைப்பதில்லை என்று சொன்னால் வீட்டில் சண்டை வருகிறது. நீங்களே ஒரு நியாயம் சொல்லுங்கள். (வாசகர், ஈசூன்)

பதில்: சண்டையில் நான் உங்கள் மகன் பக்கம். கோபித்துக்கொள்ளாமல் மேலே படியுங்கள்.

உங்கள் தாத்தாவும் அப்பாவும் மாடாய் உழைத்திருப்பார்கள், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவர்கள் காலத்தில் உழைக்கிறவன் மேலே போக புதுப்புது இடங்கள் முளைத்துக்கொண்டே இருந்தன. அந்தத் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1971-க்குள் படைகளை விலக்கிக்கொள்வதாக 1968 ஜனவரியில் பிரிட்டன் அறிவித்தபோது, ராணுவத் தளங்களை நம்பி நடந்த வேலை, வியாபாரம் எல்லாம் சேர்ந்து நாட்டுப் பொருளியலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு. வேலை போனால் கோட்டர்ஸும் போய்விடும், பேசாமல் ஊருக்கே மூட்டை கட்டிவிடலாமா என்று யோசித்த குடும்பங்கள் உண்டு, கிளம்பிப் போனவர்களும் உண்டு. ஆனால் அதே 1968-ல் கடற்படையின் பட்டறை செம்பவாங் கப்பல் பட்டறை என்ற வணிக நிறுவனமாக மாறியது. போர்க்கப்பல் நின்ற இடத்தில் எண்ணெய்க் கப்பல் வந்து நின்றது. துருச் சுரண்டிக்கொண்டிருந்தவருக்கு வெல்டிங் சொல்லிக்கொடுக்க வேண்டிய அவசியம் நிர்வாகத்துக்கு வந்தது. வெள்ளைக்கார மேற்பார்வையாளர்கள் காலி செய்துவிட்டுப் போன நாற்காலிகளில் உட்காரவும் ஆள் வேண்டியிருந்தது. உங்கள் அப்பாவுக்கு வழி கிடைத்தது அந்தச் சந்தில்தான் என்று நினைக்கிறேன்.

மேற்கே ஜூரோங்கிலும் அதே கதைதான். 1961-ல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் தொடங்கி, அன்றைய நிதியமைச்சர் கோ கெங் சுவீ அந்தச் சதுப்பு நிலத்தை மேடாக்கித் தொழிற்பேட்டை போட்டபோது ‘கோவின் முட்டாள்தனம்’ என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. சில வருடங்கள் பல மனைகள் காலியாகவே கிடந்தன என்பதும் உண்மை. அப்புறம் 1970-களின் தொடக்கத்திலேயே ஆள் பற்றாக்குறை என்று சொல்லும் நிலை வந்துவிட்டது!

இனி உங்கள் கதைக்கு வருவோம். 1979-லிருந்து மூன்று ஆண்டுகள் தேசியச் சம்பள மன்றம் வேண்டுமென்றே சம்பளத்தைத் தூக்கிவிட்டது. மலிவான ஆள்பலத்தை நம்பும் தொழிற்சாலைகள் வேறு நாட்டுக்குப் போகட்டும், இயந்திரமும் மூளையும் தேவைப்படும் தொழில்கள் வரட்டும் என்பது கணக்கு. அப்படி வரும் தொழில்களுக்கு இன்ஜினியர் வேண்டுமே, அதற்காகவே 1981-ல் நன்யாங் தொழில்நுட்பக் கழகத்தை ஆரம்பித்தார்கள். அன்றைக்குப் பல்கலைக்கழகம் போனவர்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. நீங்கள் பட்டத்தோடு வெளியே வந்தபோது உங்களோடு போட்டி போட எத்தனை பேர் இருந்திருப்பார்கள், யோசித்துப் பாருங்கள்.

கல்யாண வீட்டில் புதிதாக ஒரு வரிசை இலை போட்டால், ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும் யாரையும் எழுப்பாமல் பின்னால் நிற்கிறவர்கள் எல்லாரும் உட்கார்ந்துவிடலாம். உங்கள் மூன்று தலைமுறைக்கும் நடந்தது அதுதான். இப்போது பந்தி நிரம்பிவிட்டது. வேலையில் உள்ள குடியிருப்பாளர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் நிபுணர், மேலாளர், நிர்வாகி, தொழில்நுட்பர் என்ற வகைக்குள் வந்துவிட்டார்கள். ஒரே வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு நாற்பது பேர் அளவில் பல்கலைக்கழகம் போகிறார்கள். கூலித் தொழிலாளியின் பிள்ளைக்கு மேலே போக எத்தனையோ வழி இருந்தது. இன்ஜினியரின் பிள்ளை அப்பா இருக்கும் இடத்தில் நிற்பதற்கே மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. அவன் உங்களைவிட அதிகமாக ஓடிக்கொண்டிருக்கலாம், உங்கள் கண்ணுக்கு அது தெரியவில்லை, அவ்வளவுதான்.

கேள்வி: தோபிகள், பால்காரர்கள், மசாலா அரைக்கிறவர்கள் எல்லாம் ஒரு காலத்தில் நம் ஆட்கள்தானே? அந்தத் தொழில்கள் எப்படிப் போயின? (வாசகி, சிராங்கூன் சாலை)

பதில்: தோபிகள் துணி துவைத்த ஓடை கால்வாயாகி மூடப்பட்டுவிட்டது, பெயர் மட்டும் தோபி காட் எம்ஆர்டி நிலையத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மாட்டுக் கொட்டகை இருந்த தேக்காவில் இன்றைக்கு ஒரு மாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் பொங்கல் வரைக்கும் காத்திருக்க வேண்டும்.

மசாலா கதைதான் எனக்குப் பிடித்தது. கடையநல்லூர், தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து தஞ்சோங் பகாரில் குடியேறிய முஸ்லிம் குடும்பங்களில், ஆண்கள் துறைமுகத்தில் மூட்டை தூக்கினார்கள், பெண்கள் வீட்டு வாசலில் அம்மி போட்டு மிளகாயும் மஞ்சளும் அரைத்து உருண்டை உருண்டையாக விற்றார்கள். மீனுக்குத் தனி, கோழிக்குத் தனி, குருமாவுக்குத் தனி. அரைத்த கை இரவெல்லாம் எரியும். அந்தச் சமூகத்தார் 1946-ல் உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியைத் தொடங்கினார்கள், கூலிக்காரர்களின் பிள்ளைகள் அங்கே உட்கார்ந்து படித்தார்கள். மாவு மில்லும் பாக்கெட் மசாலாவும் வந்து அம்மியை ஓரங்கட்டியபோது, அடுத்த தலைமுறை அதற்காக உட்கார்ந்து அழவில்லை என்றுதான் நினைக்கிறேன். அழிந்துபோன தொழில்களுக்காகக் கண்ணீர் விடுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அந்தத் தொழிலைச் செய்யாதவர்கள்.

கேள்வி: என் அம்மா 1970-களில் தோ பாயோ பக்கம் மின்னணுத் தொழிற்சாலையில் ஆபரேட்டராகச் சேர்ந்தார். ஓய்வுபெறும்போதும் ஆபரேட்டர்தான். நாடே முன்னேறியபோது அவர் மட்டும் ஏன் அங்கேயே நின்றார்? (வாசகி, உட்லண்ட்ஸ்)

பதில்: ஏணி இருந்தது, ஆனால் உங்கள் அம்மாவுக்கு விட்டது இரண்டே படி.

1960-களின் கடைசியில் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், நேஷனல் செமிகண்டக்டர் மாதிரி அமெரிக்க நிறுவனங்கள் இங்கே வந்தபோது, சில்லுகளைக் கோக்கிற வேலைக்கு இளம்பெண்களைத்தான் விரும்பி எடுத்தார்கள். அது என்ன வேலை தெரியுமா? மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, தலைமுடியைவிட மெல்லிய தங்கக் கம்பியை ஒரு முனையிலிருந்து இன்னொரு முனைக்கு இழுத்து ஒட்ட வேண்டும். ஒன்று முடிந்ததும் அடுத்தது, அதற்கு அடுத்தது, ஷிஃப்ட் முடியும் வரை. நல்ல கண், நடுங்காத கை, பேசாமல் உட்காரும் பழக்கம், இவ்வளவுதான் தகுதி. கண் மங்கினால் வேகம் குறையும், வேகம் குறைந்தால் லைன் லீடர் பக்கத்தில் வந்து நிற்பார். இந்த வேலையில் வருடக்கணக்காக இருந்தாலும் அடுத்த வேலைக்குத் தேவையான எதையும் கற்றுக்கொள்ள முடியாது. டெக்னீஷியன் இடத்துக்குத் தொழிற்கல்விச் சான்றிதழ் வேண்டும், இன்ஜினியர் இடத்துக்குப் பட்டம் வேண்டும், அதற்கெல்லாம் வெளியிலிருந்து ஆள் எடுப்பார்கள், எடுத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள்.

பழைய ரயில்வே வேறு மாதிரி. இன்ஜினைத் துடைக்கிற பையனாகச் சேர்ந்தவன் கரி அள்ளிப்போடும் ஃபயர்மேன் ஆவான், பல வருடம் போனால் டிரைவர் ஆவான். மெதுவான பாதைதான், ஆனால் ஒவ்வொரு படியும் அடுத்த படிக்குப் பயிற்சி. நவீனத் தொழிற்சாலை ஏராளமான வேலைகளைக் கொடுத்தது, கூடவே இந்தத் தொடர்ச்சியை வெட்டியும் விட்டது. எந்தக் கதவு வழியாக நுழைந்தாய் என்பதே நீ எதுவரை போவாய் என்று முடிவு செய்துவிடுகிறது. 1983-ல் தொழிலாளர்களுக்கு அடிப்படை ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுக்க ‘பெஸ்ட்’ திட்டம் வந்தது. நல்ல திட்டம்தான், ஆனால் நாள் முழுக்க மைக்ராஸ்கோப் பார்த்துவிட்டு, வீட்டில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு வகுப்பில் போய் உட்கார எத்தனை அம்மாக்களால் முடிந்திருக்கும்?

இன்னொரு பக்கமும் இருக்கிறது. உங்கள் பாட்டியின் பெயரில் என்ன இருந்தது? அம்மாவுக்கு அவர் பெயரிலேயே மத்திய சேமநிதிக் கணக்கு இருந்தது. 1968-லிருந்து அந்தப் பணத்தை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு வாங்கப் பயன்படுத்தலாம் என்று ஆகிவிட்டதால், எத்தனையோ குடும்பங்களில் வீட்டுத் தவணையில் பாதி ஆபரேட்டர் சம்பளத்திலிருந்து போனது. பதவி உயர்வுப் பட்டியலில் மட்டும் தேடினால் இது கண்ணில் படாது.

கேள்வி: தொழில்மயம் வந்தால் பிறப்பு முக்கியமில்லை, திறமைதான் முக்கியம் என்று ஆகிவிடும் என்று எங்கள் விரிவுரையாளர் சொன்னார். உண்மையா? (பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர், பிடோக்)

பதில்: பாதி உண்மை. 1950, 60-களில் சமூகவியலாளர்கள் பலர் அப்படித்தான் நம்பினார்கள். கடையையும் நிலத்தையும் மகனுக்கு எழுதி வைக்கலாம், இன்ஜினியர் வேலையை எழுதி வைக்க முடியாது, ஆகவே நிறுவனங்கள் திறமை பார்த்துத்தான் எடுத்தாக வேண்டும் என்பது வாதம். அமெரிக்காவில் பீட்டர் பிளாவும் ஓடிஸ் டங்கனும் 1960-களில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். அப்பாவின் தொழில் மகனை நேரடியாகத் தூக்கிவிடுவது குறைவு, பெரும்பகுதி படிப்பு வழியாகத்தான் வந்து சேர்கிறது என்று தெரிந்தது. அதற்குப் பிறகு கோல்ட்தார்ப், எரிக்சன் போன்றவர்கள் தொழில்மயமான பல நாடுகளை ஒப்பிட்டார்கள். மேலே போனவர்களின் எண்ணிக்கை எக்கச்சக்கமாகக் கூடியிருந்தது. ஆனால் ஒரு முதலாளி மகனையும் ஒரு கூலி மகனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து யாருக்கு வாய்ப்பு அதிகம் என்று பார்த்தால், அந்த வித்தியாசம் அவ்வளவாக மாறவில்லை. மேலே இடம் பெருகியது வேறு, போட்டி நியாயமானது வேறு.

இதற்கும் முந்தைய காலத்து விவரமெல்லாம் எப்படிக் கிடைக்கிறது என்று கேட்பீர்கள். கல்யாணப் பதிவேட்டிலிருந்துதான்! இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 முதல் மணமகனின் தொழிலோடு இரண்டு பக்கத்து அப்பாக்களின் தொழிலையும் எழுதி வைத்தார்கள். அந்தக் காலத்தில் எல்லாரும் மேலே போனார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். முடிதிருத்துபவராக இருந்து நூற்பாலை முதலாளியாகி சர் பட்டம் வாங்கிய ரிச்சர்ட் ஆர்க்ரைட் ஒருவரைத்தான் பாடப்புத்தகம் காட்டும். விசைத்தறி வந்த பிறகு வருடா வருடம் கூலி தேய்ந்துபோன லங்காஷர் கைத்தறி நெசவாளர்கள் ஆயிரமாயிரம் பேருக்குப் படம் கிடையாது.

நம் ஊரில் பிறப்பு எந்தப் பக்கமாக உள்ளே நுழைகிறது என்று பார்க்க வேண்டுமானால், சனிக்கிழமை காலையில் ஏதாவது ஒரு துணைப்பாட (டியூஷன்) நிலையத்தின் வாசலில் நின்று பாருங்கள். உங்கள் விரிவுரையாளரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.

கேள்வி: கொள்கலன் வந்ததால் துறைமுகத் தொழிலாளிக்கு நல்லதா கெட்டதா? (ஓய்வுபெற்ற வாசகர், தியோங் பாரு)

பதில்: எந்தத் தொழிலாளிக்கு என்பதைப் பொறுத்தது. 1956-ல் மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி ஐம்பத்தெட்டுப் பெட்டிகளைக் கப்பலில் ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்கு அனுப்பியபோது, தஞ்சோங் பகாரில் மூட்டை தூக்கியவர்களுக்கு அது செய்தியே இல்லை. பதினாறு வருடம் கழித்து, 1972 ஜூனில், எம்.வி. நிஹோன் என்ற கொள்கலன் கப்பல் அதே தஞ்சோங் பகாருக்கு வந்து நின்றது. அதுவரை ஒரு கப்பலைக் காலி செய்ய ஒரு கோஷ்டி நாள்கணக்கில் முதுகொடிய வேண்டும், கோஷ்டித் தலைவரான தண்டல் யாரைக் கூப்பிடுகிறாரோ அவருக்குத்தான் அன்றைக்குக் கூலி. கொள்கலன் முனையத்தில் அதே வேலை சில மணி நேரம். பாரந்தூக்கி ஓட்டப் பழகிக்கொண்ட இளைஞருக்கு மாதச் சம்பளம், விடுப்பு, சேமநிதி எல்லாம் கிடைத்தன. ஐம்பது வயதைத் தாண்டி, உடல் பலத்தைத் தவிர வேறொன்றும் இல்லாதவருக்கு முனையத்தில் இடமில்லை. ஒரே துறைமுகம், ஒரே வருடம், ஒருவருக்கு ஏற்றம், ஒருவருக்கு முடிவு. 2022-ல் திறந்த துவாஸ் துறைமுகத்தில் ஓட்டுநர் இல்லாத வண்டிகள் ஓடுகின்றன. அந்தப் பாரந்தூக்கிக்காரரின் பேரன் கணினித் திரை முன்னால் உட்கார்ந்திருந்தால் சரி.

கேள்வி: வயது 47. ஆட்குறைப்பில் வேலை போய்விட்டது. எல்லாரும் ‘புதுத் திறன் கற்றுக்கொள்’ என்கிறார்கள். இந்த வயதில் அது பலன் தருமா? (வாசகர், செங்காங்)

பதில்: தரும், ஆனால் எந்த வகுப்பு என்பதைப் பொறுத்து. கிடைக்கிற பணத்தை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 2015-ல் அறிவித்த ஸ்கில்ஸ்ஃபியூச்சர் 500 வெள்ளி பயிற்சித் தொகை எல்லாருக்கும் தெரியும். 40 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கு 2024-ல் கூடுதலாக 4,000 வெள்ளி போட்டார்கள், அதை எல்லா வகுப்புக்கும் பயன்படுத்த முடியாது, வேலைவாய்ப்போடு தொடர்புள்ள வகுப்புகளுக்கு மட்டும்தான். முழுநேரமாகப் படித்தால், தகுதி இருந்தால், முன்பு வாங்கிய சராசரிச் சம்பளத்தில் பாதி, மாதம் 3,000 வெள்ளி வரை உதவித்தொகை உண்டு. வேலை இழந்த கையோடு வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டத்தையும் பாருங்கள், சராசரி மாதச் சம்பளம் 5,000 வெள்ளிக்குள் இருந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் மொத்தம் 6,000 வெள்ளி வரை கிடைக்கும்.

வகுப்பைத் தேர்ந்தெடுக்க என் அளவுகோல் ஒன்றே ஒன்று. சேரும் முன்பு நிலையத்துக்குப் போன் போட்டு, போன முறை படித்தவர்களில் நாற்பது தாண்டியவர்களை எந்த நிறுவனம் எடுத்தது, என்ன வேலைக்கு என்று கேளுங்கள். சுற்றி வளைத்துப் பேசினால் வைத்துவிடுங்கள். முழுக்கப் புதுத்துறைக்குத் தாவி இருபத்தைந்து வயதுக்காரரோடு கடைசி வரிசையில் நிற்பதைவிட, இருபது வருடம் பார்த்த வேலைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தேடுவது புத்திசாலித்தனம். கிடங்கு நிர்வாகம் பார்த்தவர் அந்தக் கிடங்கு மென்பொருளைக் கற்றுக்கொள்வது மாதிரி. சம்பளம் குறையலாம். அதற்கு வீட்டில் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதுக்கோட்டையில் டிப்ளமா முடித்துவிட்டு வந்தேன். ஏழு வருடமாகக் கட்டுமான வேலை. ஊரில் என்னோடு படித்தவன் சூப்பர்வைசராகிவிட்டான். நான் கடைசிவரை கூலியாகவே இருந்துவிடுவேனா அண்ணே? (துவாஸ் விடுதி)

பதில்: தம்பி, மேலே நான் எழுதிய கதைகளில் மேலே வந்தவர்கள் எல்லாரும் இங்கேயே இருந்துவிட்டவர்கள். உங்கள் அனுமதி அட்டையில் அந்த வழி கிடையாது, பொய் சொல்லி ஆறுதல் தர எனக்கு இஷ்டமில்லை. நடுத்தரத் திறன் வேலைக்கான எஸ் பாஸ் அனுமதிக்குக் குறைந்தபட்சச் சம்பளமே 3,300 வெள்ளி, வயது ஏற ஏற அதுவும் ஏறும், அதோடு நிறுவனத்துக்கு ஒதுக்கீடு இருக்க வேண்டும். கிடைத்தவர்கள் உண்டு, குறைவு.

உங்கள் கைக்கு எட்டுவது ஆர்1, அதாவது உயர்திறன் தொழிலாளி என்ற தகுதி. நீங்கள் இன்னும் ஆர்2-வில் (அடிப்படைத் திறன்) இருந்தால் இந்த வருடமே அதற்கு முயலுங்கள். திறன் தேர்வு ஒரு வழி. ஆறு வருட அனுபவமும் 1,600 வெள்ளி நிலையான மாதச் சம்பளமும் இருந்தால் அது இன்னொரு வழி, உங்களுக்கு அனுபவக் கணக்கு ஏற்கெனவே சரியாகிவிட்டது. கட்டுமானத்தில் ஆர்2 ஆளுக்கு முதலாளி மாதம் 900 வெள்ளி தீர்வை கட்டுகிறார், ஆர்1 என்றால் 500. அதாவது நீங்கள் தேறினால் அவருக்கு மாதம் 400 வெள்ளி மிச்சம், இதைப் பெரும்பாலும் யாரும் உங்களிடம் சொல்ல மாட்டார்கள். தேர்வுக்குக் கையெழுத்துப் போடும்போதே சம்பளத்தைப் பற்றிப் பேசுங்கள். வாய்ப்பேச்சாக விடாமல் எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் அனுமதி அட்டை முடியும் தேதியைப் பாருங்கள். முடிவதற்கு 40 நாள் இருக்கும்போதிலிருந்து 21 நாள் இருக்கும்வரை, அவர் சம்மதம் இல்லாமலே வேறு கட்டுமான நிறுவனத்துக்கு மாறலாம். ஆர்1 ஆள் என்றால் எடுத்துக்கொள்ள அங்கே ஆள் இருக்கும்.